நம்ம பக்கத்துத் தீவிரக் குழுவோடு தொடர்பு வேண்டுமா, வேண்டாமா?

கேரளாவில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் விடிவதற்கு முன்பே தேனி மாவட்டம் கம்பத்தில் ஜீப் ஏற வந்து நிற்பார்கள். தூக்குவாளியில் சோறு, தலையில் துண்டு, இடுக்கில் மடித்த பிளாஸ்டிக் சாக்கு. 2024 ஆகஸ்டில் ஒரு நாள் எங்கள் ஆட்கள் ஏறுகிற இடத்தில் நின்றவர்கள் யாருமே ஏறவில்லை. "குமுளி செக்போஸ்ட்டுல டிஎன் வண்டிய அடிக்கிறாங்களாம், பொம்பளைங்கள ஏத்தாதீங்க" என்று முந்தின ராத்திரி ஒரு குரல் பதிவு வந்திருந்தது. கூடவே, கண்ணாடி நொறுங்கிய ஒரு ஜீப்பின் வீடியோ. அதே நேரத்தில் நான் கேரள எல்லையில் இருக்கும் எங்கள் குமுளியில் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் தள்ளி டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பால் வண்டி ஒன்று போனது, காய்கறி லாரி இரண்டு இறங்கி வந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. வீடியோவில் பின்னால் தெரிந்த பெட்ரோல் பங்க் மாதிரி ஒன்று எங்கள் ஊரிலேயே கிடையாது.

காய் எடுப்பு தொடங்கிய நேரம். அத்தனை பேருக்கும் ஒரு நாள் கூலி போனது.

அந்தப் பதிவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பிறந்ததில்லை, வேறொரு குழுவில் பிறந்தது. ஆனால் எங்கள் குழு வழியாகத்தான் அந்தப் பெண்களின் கைக்குப் போனது. "ஜீப்பு குரூப்புல வந்துச்சுண்ணே, பொய்யா இருக்குமா?" என்று ஒரு அக்கா என்னிடமே போனில் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைக்கிறது. ஒரு இணையக் குழு, தீவிர அரசியல் பேசும் இன்னொரு குழுவோடு தொடர்பு வைத்துக்கொள்ளலாமா, அறுத்துவிட வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். அப்படியே வைத்துக்கொள்வது, அடியோடு அறுப்பது, குழுவை மட்டும் அறுத்து ஆட்களை வைத்துக்கொள்வது என்று நாங்கள் மூன்று வழியையும் செய்து பார்த்துவிட்டோம். எது எதில் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று சொல்கிறேன்.

முதலில் எங்களைப் பற்றி. நான் குமுளியில் பிறந்தவன். ரேஷன் கார்டு கேரளாவில், குலதெய்வம் உத்தமபாளையம் பக்கம், பொண்ணு கொடுத்தது கூடலூரில். எங்கள் குழுவில் ஐநூற்றுச் சொச்சம் பேர்: இந்தப் பக்கம் குமுளி, வண்டிப்பெரியாறு, வண்டன்மேடு, அந்தப் பக்கம் கம்பம், கூடலூர், லோயர் கேம்ப். ஏலக்காய் விலை, புத்தடியிலும் போடியிலும் ஏலத்தில் என்ன போச்சு, எந்த ஜீப்பில் எத்தனை இடம் இருக்கு, மலைப்பாதையில் மரம் விழுந்ததா, யாருக்காவது ரத்தம் வேண்டுமா, இதுதான் பேச்சு. அரசியல் கிடையாது. அந்த இன்னொரு குழு முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீருக்காக ஆரம்பித்தது. எங்கள் நான்கு அட்மின்களில் ஒருவர் அங்கேயும் அட்மின். அவர்கள் லிங்க் எங்கள் குழு விவரத்தில், எங்கள் லிங்க் அவர்களுடையதில்.

அவர்களை முதல் நாளிலிருந்தே கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அணையின் கதை எங்கள் வீட்டுக் கதை. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூருக்கும் வெள்ளைக்கார அரசுக்கும் 999 வருஷக் குத்தகை, 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில். குஜராத்தில் மோர்வி அணை உடைந்த 1979-ல் இங்கேயும் பயம் வந்து நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தார்கள். 2006-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வைக்கலாம் என்றது, கேரளா சட்டம் போட்டுத் தடுத்தது, 2014 மே 7-ல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. 2021 அக்டோபரில் மலையாள நடிகர்கள் வரை சேர்ந்து அணையை மூடு என்று ஹேஷ்டேக் ஓட்டினபோது, இந்தத் தேதி, தீர்ப்பு எல்லாவற்றையும் விரல் நுனியில் வைத்துப் பதில் சொன்னது அந்தக் குழுதான். எங்கள் குழுவில் காய் விலை தெரிந்தவர்கள் இருந்தார்கள், தீர்ப்பு தெரிந்தவர்கள் இல்லை. அப்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அதனால் முதல் வழியை, அதாவது தொடர்பை அப்படியே வைத்துக்கொள்வதை, மூன்று வருஷம் விரும்பியே செய்தோம். அதற்கு நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம் எல்லோரும் சொல்வதுதான்: நம்ம பசங்க, கோபக்காரர்கள், உள்ளே இருந்தால்தான் கட்டுப்படுத்த முடியும், வெளியே தள்ளினால் இன்னும் கெட்டுப் போவார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை இரண்டாவது வழியில் பட்டுத் தெரிந்துகொண்டோம். ஆனால் கட்டுப்படுத்த முடியும் என்ற பாதி பொய். மூன்று வருஷத்தில் நாங்கள் அவர்களை ஒரு அங்குலம் மாற்றவில்லை, அவர்கள் எங்களை மாற்றினார்கள். முதலில் அணை, அப்புறம் கேரள அரசு, அப்புறம் மலையாளி, அப்புறம் இன்ன தெருவில் இன்ன மலையாளியின் பேக்கரி. கேஎல் நம்பர் வண்டிகளைப் போட்டோ எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். ஒரு கட்டத்தில் எங்கள் குழுவில் விலை கேட்ட வண்டன்மேட்டு மலையாளிச் சேட்டன் ஒருவருக்கு யாரோ, "நீ எதுக்குடா இங்க?" என்று பதில் போட்டார். அந்தச் சேட்டன் இருபது வருஷமாக எங்கள் ஆட்களிடம் காய் வாங்குகிறவர். ஒன்றும் பேசாமல் குழுவை விட்டுப் போய்விட்டார். நான் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. இன்று வரை அது எனக்கு உறுத்துகிறது.

இந்த வழியின் உண்மையான செலவு எதில் இருக்கிறது என்றால், நம்பிக்கையில். மலைப்பாதையில் மரம் விழுந்தது என்று எங்கள் குழுவில் வந்தால் அது உண்மை, விலை இவ்வளவு என்று வந்தால் அது உண்மை. அப்படிப் பல வருஷம் சேர்த்த நம்பிக்கையை, லிங்க்கும் பொது அட்மினும் வைத்துக்கொண்டதன் மூலம், அவர்களுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் குழுவில் மட்டும் வந்திருந்தால் அந்தக் குரல் பதிவை அந்த அக்கா பாதிதான் நம்பியிருப்பார். 2018 மே மாதம் குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோவிலுக்குப் போன சென்னைக்காரப் பாட்டி ஒருவரை அடித்தே கொன்றார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் ஓடி, எவ்வளவு பேர் பயந்து ரயிலேறினார்கள் என்று பார்த்தோம். அதே பயம்தான் எங்கள் பெண்களுக்கும், இடம் மட்டும் வேறு. 2011 டிசம்பரில் அந்தப் பயம் பொய்யாகவும் இல்லை. எல்லையில் 144 தடை, இந்தப் பக்கத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் குழந்தை குட்டியோடு கம்பம் வந்தார்கள், தமிழ்நாட்டில் மலையாளிகள் கடை உடைந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்களிடம் போய் ஒரு பழைய வீடியோவைப் போட்டால் அவர்கள் விசாரித்துக்கொண்டா இருப்பார்கள்?

வாட்ஸ்அப் நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்றும் சிலர் சொன்னார்கள். 2018-ல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்று வைத்தார்கள், 2020 ஏப்ரலில் ஏற்கனவே நிறையச் சுற்றிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள், அதில் அப்படிச் சுற்றுகிற செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாகவும் சொன்னார்கள். நல்ல விஷயம். ஆனால் ஒரு ஆள் அதே பொய்யைத் தன் குரலில் புதிதாகப் பேசி அனுப்பினால் அந்தக் கட்டுப்பாடு என்ன செய்யும்? எங்களுக்கு வந்தது அப்படித்தான் வந்தது.

சரி, இரண்டாவது வழி. ஜீப் ஏறாத அந்த நாளைக்கு மறுநாளே, கோபத்தில், அடியோடு அறுத்தோம். லிங்க்கை எடுத்தோம், பொது அட்மினை நீக்கினோம், இரண்டு குழுவிலும் இருக்கிற எல்லோரையும் எங்கள் குழுவிலிருந்து எடுத்தோம். முப்பத்தேழு பேர். யார் என்ன எழுதினார், எழுதவே இல்லையா என்றெல்லாம் பார்க்கவில்லை.

இதற்கு வெளியுலகத்தில் நல்ல முன்னுதாரணம் உண்டு. காப் என்ற அமெரிக்கத் தளம் வெறுப்புப் பேச்சுக்குப் பேர் போனது. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் யூத வழிபாட்டிடத்தில் பதினோரு பேரைச் சுட்டுக் கொன்றவன் அங்கேதான் எழுதிக்கொண்டிருந்தான். அந்தத் தளம் 2019 ஜூலையில் மாஸ்டடான் மென்பொருளை எடுத்துத் தன்னை அதன் மேல் கட்டிக்கொண்டது. மாஸ்டடான் யாருக்கும் சொந்தமான ஒரே இடம் கிடையாது, ஆளாளுக்குத் தனித்தனி சர்வர் வைத்து ஒன்றோடொன்று பேசிக்கொள்வார்கள். மென்பொருளை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் எடுப்பதைத் தடுக்க வழியில்லை. ஆனால் சர்வர் நடத்துகிறவர்கள் ஒவ்வொருவராக அதோடு தொடர்பைத் துண்டித்தார்கள், சில செயலிகள் அந்த முகவரியையே ஏற்க மறுத்தன. யாரும் மேலேயிருந்து உத்தரவு போடவில்லை, தன் வாசலைத் தான் அடைத்துக்கொண்டார்கள், அவ்வளவு பெரிய கூட்டம் வந்தும் மற்ற பெரும்பாலான இடங்களோடு ஒட்ட முடியவில்லை. தலைப்புக்கு ஒரு பிரிவு என்று ஆட்கள் கூடிப் பேசும் ரெடிட் தளத்திலும் 2015-ல் நிறவெறி பேசிய ஒரு பிரிவையும் குண்டானவர்களைக் கேவலப்படுத்திய ஒரு பிரிவையும் மூடினார்கள். 2017-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தபோது, அங்கே எழுதியவர்களில் நிறையப் பேர் தளத்தை விட்டே போயிருந்தார்கள், தங்கியவர்கள் வெறுப்பு வார்த்தைகளை 80 சதவீதத்துக்கும் மேல் குறைத்திருந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த மற்ற பிரிவுகளும் அதனால் கெட்டுப் போகவில்லை.

எங்களுக்கும் முதல் சில வாரம் அப்படித்தான் இருந்தது. குழு அமைதியானது. போன சேட்டனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன், திரும்பி வந்தார்.

அப்புறம் ஒரு மழை ராத்திரி. குமுளி மலைப்பாதையில் மாதா கோவில் பக்கத்து வளைவில் மண் சரிந்து பெரிய மரம் ஒன்று குறுக்கே கிடந்தது. வழக்கமாக அப்படி நடந்தால் எங்கள் குழுவில் முதலில் சொல்கிறவர் ஒரு ஜீப் டிரைவர் அண்ணன், ராத்திரி வண்டி ஓட்டுகிறவர். அவர் அந்த முப்பத்தேழு பேரில் ஒருவர். அந்தக் குழுவில் இருந்தாரே தவிர ஒரு வார்த்தை எழுதினவர் இல்லை, அணைச் செய்தி படிக்க வைத்திருந்தார். அன்றைக்கும் அவர் மரத்தைப் பார்த்தார், போட்டோ எடுத்தார், தான் இருக்கிற குழுவில் போட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. காலையில் மூன்று ஜீப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இருட்டில் மழையில் அந்த வளைவில் மாட்டி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றது. மேலே இன்னும் மண் இறங்கியிருந்தால் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. பிறகு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். "என்னைய எதுக்குப்பா தூக்குனீங்க? நான் யாரைத் திட்டுனேன்?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. வெளியே போன முப்பத்தேழு பேரில் உண்மையிலேயே கோபக்காரர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்கள் மீதிப் பேரையும் சேர்த்து ஒரு புதுக் குழு தொடங்கினார்கள். "பாத்தீங்களா, தமிழனே தமிழனைத் தூக்குறான்" என்பதுதான் அதன் முதல் செய்தி. எங்களால் தூக்கப்பட்ட சாதாரண ஆட்களை நாங்களே கொண்டுபோய் அவர்கள் மடியில் உட்கார வைத்துவிட்டோம். இதையும் வெளியே பார்த்திருக்கிறார்கள். ரெடிட் 2020 ஜூனில் மூடிய டிரம்ப் ஆதரவுப் பிரிவு ஏற்கனவே தனித் தளத்துக்குக் குடி போயிருந்தது. 2021-ல் வந்த ஓர் ஆய்வு, அங்கே ஆள் வரத்தும் பேச்சும் நன்றாகவே குறைந்துவிட்டது, ஆனால் கூடப் போனவர்களின் பேச்சில் விஷம் ஏறியிருக்கிறது என்று காட்டியது. ஆள் குறைகிறது, இருக்கிறவன் கெட்டுப்போகிறான். தூரத்தில் இருப்பவர்களுக்கு அது லாபக் கணக்காக இருக்கலாம். ரெடிட்டிலிருந்து போனவன் கண் காணாத இடத்துக்குப் போகிறான், எங்கள் ஆள் அதே ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுக்கொண்டு, அதே பெண்களை ஏற்றிக்கொண்டு, அதே மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரிக்குப் பின்னால் நடக்கிறான். அவன் கெட்டுப்போவது என் வீட்டுப் பிரச்சினை.

நடுவில் ஒரு மாதம் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றி வைத்துப் பார்த்தோம். அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, குழு செத்துவிட்டது.

மூன்றாவது வழிதான் இப்போது ஓடுகிறது: குழுவோடு தொடர்பை முழுசாக அறுப்பது, ஆளை அவரவர் நடத்தையை வைத்துப் பார்ப்பது. லிங்க் கிடையாது, பொது அட்மின் கிடையாது, சேர்ந்து அறிக்கை, சேர்ந்து போராட்ட அறிவிப்பு எதுவும் கிடையாது, அங்கே வந்ததை இங்கே போடக் கூடாது, குரலை மாற்றிப் பேசிப் போட்டாலும் அதே விதி. ஆனால் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதற்காக இங்கிருந்து எடுக்க மாட்டோம். டிரைவர் அண்ணன் வீட்டுக்கு நானும் இன்னொரு அட்மினும் நேரில் போய்ச் சொல்லிச் சேர்த்தோம். அவர் இன்னமும் இரண்டிலும் இருக்கிறார்.

இதில் கஷ்டம் எங்கே வரும் என்றால் கோடு எங்கே என்பதில். தீவிரம் என்றால் என்ன? அணையில் 152 அடித் தண்ணீர் வேண்டும் என்பது தீவிரமா? புது அணைதான் தீர்வு என்று எங்கள் குழுவிலேயே ஒரு மலையாளி சொன்னால் அது தீவிரமா? 1956-ல் தேவிகுளம், பீர்மேடு தமிழ்நாட்டோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் ஒரு பெரியவர் சொன்னால்? எதுவும் இல்லை, இதெல்லாம் கருத்து, எவ்வளவு சூடாக இருந்தாலும் இருக்கட்டும். தண்ணீரையும் அரசாங்கத்தையும் பற்றிப் பேசுகிற பேச்சு ஆளைப் பற்றிய பேச்சாகத் திரும்புகிற இடத்தில்தான் நாங்கள் கோடு போட்டோம்: இன்னார் கடைக்குப் போகாதே, இந்த வண்டியைப் பார்த்து வை, தமிழர்களை மட்டமாகச் சொல்லும் 'பாண்டி' என்ற வார்த்தையோ அதற்குப் பதிலாக நம்ம பக்கம் மலையாளிகளைச் சொல்லும் வார்த்தையோ, அடிப்பேன் உடைப்பேன் என்பது. ஒரு குழுவில் இது வருகிறது, அட்மின்கள் எடுக்காமல் விட்டு வைக்கிறார்கள் என்றால் அந்தக் குழுவோடு தொடர்பு இல்லை. சும்மா கோபமாக இருக்கிற குழுவை நாங்கள் தொடுவதில்லை.

கோட்டை அரசாங்கத்திடமிருந்து வாங்கக் கூடாது என்பதும் என் கருத்து. இணையத்தில் புண்படுத்துகிற மாதிரி எழுதினால் சிறை என்ற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எப்படியெல்லாம் போட்டார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதையும், கூடவே கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி)-யையும் தூக்கி எறிந்தது. 2020 நவம்பரில் 118ஏ என்று மறுபடி ஒன்று கொண்டுவந்து, எதிர்ப்பில் சில நாளிலேயே கேரள அரசு வாபஸ் வாங்கியது. அவர்களுடைய "தீவிரம்" நாளைக்குக் கூலி உயர்வு கேட்கிற தோட்டத் தொழிலாளி மேலேயே விழும்.

அதே மாதிரி, போலீசுக்குப் பயந்து தொடர்பை அறுக்காதீர்கள். எங்கள் பழைய அட்மின் ஒருவர் அப்படித்தான் ராத்திரியோடு ராத்திரியாக எல்லோரையும் எடுக்கச் சொன்னார். உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது. மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில், வெறும் அட்மினாக மட்டும் இருந்தவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது என்று சொன்னது. எல்லைக்கு இரண்டு பக்கமும் நமக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. நாமே பொய்யைப் பரப்பினால்தான் வேறு கதை. பயந்து அறுக்கிறவன் யாரை, எதற்கு என்று பார்க்க மாட்டான். நாங்கள் முப்பத்தேழு பேரை எடுத்ததிலும் பாதி அந்தப் பயம்தான் இருந்தது.

மூன்றாவது வழிக்கு உழைப்பு அதிகம், அதை மறைக்க மாட்டேன். முதல் வழியில் சும்மா இருக்கலாம், இரண்டாவதில் ஒரு ராத்திரி வேலை, இதில் தினமும் வேலை. நான்கு அட்மின்களில் ஒருவர் எப்போதும் விழித்திருக்கிற மாதிரி முறை வைத்திருக்கிறோம், செக்போஸ்ட் பற்றி எது வந்தாலும் குமுளியில் இருக்கிற யாராவது நேரில் பார்த்து, போட்டோ எடுத்துப் போட்ட பிறகுதான் அந்தப் பதிவைக் குழுவில் நிற்க விடுகிறோம். களைப்பாக இருக்கிறது. ஐநூறு பேர் இருப்பதால் முடிகிறது, ஐயாயிரம் பேர் உள்ள, ஒருவரை ஒருவர் முகம் பார்க்காத குழுவாக இருந்தால் நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன், ஏனென்றால் அங்கே ஆளுக்கு ஆள் போய்ப் பேச முடியாது. முதல் வழியை எவ்வளவு சின்னக் குழுவுக்கும் சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துத் தீவிரக் குழுவை அறுப்பது சுலபம், அதற்குக் கைதட்டல் கிடைக்கும். மலையாளத்தில் எங்களைத் திட்டுகிற குழுவின் லிங்க்கை யாராவது போட்டால் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுவோம், இதை நாங்கள் 2021-லிருந்தே செய்துவந்தோம், அதையே பெரிய நடுநிலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த ஜீப்பை நிறுத்தின பொய் நம்ம ஆள் குரலில், நம்ம பேச்சு வழக்கில் வந்தது. அதனால்தான் நம்பினார்கள். மலையாளத்தில் வந்திருந்தால் எங்கள் பெண்கள் யாரும் வீட்டுக்குத் திரும்பியிருக்க மாட்டார்கள்.

இந்த மூன்றாவது வழிக்கு மாறுகிறோம் என்ற அறிவிப்பை எங்கள் குழுவில் போட்ட அன்று அந்த அணைக் குழுவின் பெயரைச் சொல்லி, எந்தப் பதிவுக்காக, என்றைக்கு வந்தது என்று எழுதி, அவர்கள் அட்மினுக்கும் அனுப்பினோம். அவர் எனக்கு மைத்துனர் முறை. "தண்ணிக்காகப் பேசுற எங்களைப் போய் இப்படிச் செஞ்சுட்டீங்களே மாப்ள" என்றார். தண்ணிக்காக நீங்கள் பேசுவதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வண்டி நம்பர் போடுவதையும் செக்போஸ்ட் பொய்யையும் நிறுத்தினால் லிங்க்கைத் திரும்பப் போடுகிறோம், எழுதியே தருகிறோம் என்றேன். வண்டி நம்பர் போடுவது நின்றிருக்கிறது. மற்றது இன்னும் நிற்கவில்லை. வண்டன்மேட்டுச் சேட்டன் தன்னுடைய மலையாளக் குழுவிலும் இதே மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டும் என்று எங்கள் அறிவிப்பை மலையாளத்தில் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு போயிருக்கிறார், அங்கே மூன்று அட்மின்களில் ஒருவர் இன்னும் சம்மதிக்கவில்லையாம்.